ஒரே சாவியோடு எழுந்த பெட்டிகள்

போன மாதம் ஓசூர் தொழிற்சாலை வேலையை விட்டேன். பதிமூன்று வருடம் அங்கே இருந்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். வேலை அனுபவம் எழுதுகிற வயதா இது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நான் பார்த்த அந்த வேலை என்னளவில் முடிந்துவிட்டது, முடிந்ததைப் பற்றி எழுத முப்பத்திரண்டு வயது போதும்.

எழுதவைத்தது திவ்யா. என் இடத்துக்கு வந்திருப்பவள். கடைசி வாரம் என் மேசைக்கு வந்து, "அக்கா, இப்ப வர்ற கெர்னல்ல காத்திருக்கிற வேலையே இல்ல, அதுவே ரெடி ஆயிக்கிது. அப்புறம் எதுக்கு லைன்ல சாவி ஒத்துப்போவுதான்னு செக் பண்றோம்? ஒரு பெட்டிக்கு நாலு செகண்டு வீணாவுதே" என்று கேட்டாள். கெர்னலைப் பற்றி அவள் சொன்னது சரி. செக்கைப் பற்றிய பதிலை அங்கேயே ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் சொன்னால் அதில் என் தப்பு சின்னதாகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாமல்பட்டி ஸ்டேஷனிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குள் அவர்கள் முதல்முறை கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூரில் அசெம்பிளி லைனில் சேர்ந்தேன். நான்கு வருடம் நின்றுகொண்டே பெட்டிகளைச் சோதித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து டிகிரி வாங்கினேன். பிறகு மாடியில் உள்ள ஃபர்ம்வேர் அறைக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைத்தார்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதும் அறை அது. லைனிலிருந்து பதினேழு பேர் எழுதினோம், நான் மட்டும் தேறினேன். ஆறு மாதம் சோதனைக் காலம், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி லைன்.

லைன் சூப்பர்வைசர் சேகர் அண்ணன் அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போம்மா, போ. மேல போயி எங்களுக்கு என்னாத்த கிழிக்கிறேன்னு பாக்கலாம்."

நாங்கள் செய்த பெட்டி மின்கம்பத்தில் மாட்டுவது. சுற்றியுள்ள வீடுகளின் மின் மீட்டர்களிலிருந்து ரீடிங்கை வாங்கி, தூரத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். உள்ளே சின்னதாக ஒரு லினக்ஸ் இயங்குதளம்; அதன் மையப் பகுதிதான் கெர்னல். பெட்டி முதல்முறை உயிர்பெறும்போது தனக்கென ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். சாவி என்றால் மிக நீளமான ஓர் எண். இன்ன பெட்டிதான் பேசுகிறது என்று சர்வர் நம்புவது அந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே அது யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும்.

சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு பொருளிடம் ஊகிக்க முடியாததைக் கேட்பதுதான் சிரமம். கெர்னல் அதற்கு வெளியுலகத்தை நம்புகிறது. விசை அழுத்தப்பட்ட நேரம், நெட்வொர்க்கில் செய்தி வந்து விழுந்த நேரம் என்று கையில் கிடைக்கும் ஒழுங்கற்ற சங்கதிகளை எல்லாம் சேர்த்துக் கலக்கி வைத்துக்கொள்ளும். போதிய அளவு சேர்ந்த பிறகுதான் "இனிமேல் கேள்" என்று சொல்லும். அதுவரை சாவி செய்யும் நிரல் காத்திருக்க வேண்டும்.

அப்பா ஒருமுறை கேட்டார், "மேல உனக்கு என்னாம்மா வேலை?"

"யாராலயும் கண்டுபுடிக்க முடியாத நம்பரா எடுத்துக் குடுக்குறதுப்பா."

"அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? உங்கம்மா எப்பெப்ப கோவிச்சிக்கிறான்னு பாத்து எழுதிக்கோ."

எங்கள் துறையில் நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

ஃபர்ம்வேர் அறையின் தலைவர் முனிரத்தினம் சார். யார் எந்த மாற்றம் எழுதினாலும் அதைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு எழுதியவரின் மேசைக்கே வருவார். உட்கார மாட்டார். நின்றபடி வரிவரியாக, கோர்ட்டில் மனு வாசிப்பதுபோல உரக்கப் படிப்பார். புரியாத வரி வந்தால் நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார். பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். ஒருமுறை ஒரே வரியில் இருபது நிமிடம் நின்றார். எழுதியவன் கடைசியில் அந்த வரியே வேண்டாம் என்று அடித்துவிட்டான். படித்து முடித்ததும் ஒவ்வொரு தாளின் கீழும் கையெழுத்துப் போடுவார். சாதாரணப் பேச்சு தமிழில், கிண்டல் கன்னடத்தில், கோபம் தெலுங்கில். "ஏமம்மா" என்று அவர் குரல் கேட்டால் அறையில் எல்லா நாற்காலிகளும் நிமிரும்.

நான் மேலே போன நான்காவது மாதம், வாடிக்கையாளர் கேட்டபடி புதிய கெர்னலுக்கு மாறினோம். பழையது தயாரானாலும் ஆகாவிட்டாலும் கேட்டவுடன் எண்ணைக் கொடுத்துவிடும். புதியது நேர்மையானது, தயாராகும்வரை கொடுக்காது. ஆனால் எங்கள் பெட்டிக்கு விசைப்பலகை இல்லை, சுழலும் டிஸ்க் இல்லை, லைனில் நெட்வொர்க்கும் அமைதியாக இருக்கும். விலை குறைந்த சிப் என்பதால் நுண்ணிய கடிகாரமும் இல்லை. ஒழுங்கின்மை எங்கிருந்து வரும்? பெட்டி ஒன்றரை நிமிடம் சும்மா நின்றது. லைனில் ஒரு பெட்டிக்கு உள்ள நேரமோ நாற்பது நொடி.

லைன் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் பெட்டி சீக்கிரம் எழுந்தது! ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் கண்டுபிடித்தது உண்மை. ஒவ்வொரு பிடுங்கலும் கெர்னலுக்கு ஒரு சங்கதி. இருந்தாலும் நாள் முழுக்கப் பிடுங்கினால் கேபிளின் முனை உடையுமே.

சேகர் அண்ணன் மாடிக்கு வந்தார். "மேல ஏசியில உக்காந்துக்கிட்டு என்னா பண்றீங்க எல்லாரும்? கீழ பெட்டிங்க தூங்குது. தாலாட்டு பாட ஒரு ஆள் போடட்டுமா?"

அந்த வேலை எனக்கு வந்தது. என் மேசையில் இருந்த பெட்டி ஆறே நொடியில் எழுவதைக் கவனித்தேன். காரணம் எளிது. கெர்னல் அணையும்போது கொஞ்சம் எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம், அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாம். அதை விதை என்போம். என் பெட்டி ஏற்கெனவே பலமுறை எழுந்தது, அதனிடம் விதை இருந்தது. புதுப் பெட்டியிடம் இல்லை. நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன்: எழுந்தவுடன் விதையை எடு, அதை முழுமையாக நம்பலாம் என்று கெர்னலுக்குச் சொல். பிறகு என் மேசைப் பெட்டியை அப்படியே நகலெடுத்து மாஸ்டர் ஆக்கினேன். எல்லாப் புதுப் பெட்டிகளிலும் ஏற்றப்படும் மூலப் பிரதி அதுதான்.

முனிரத்தினம் சார் தாளோடு வந்தார். விதை வரியில் நிறுத்தினார். "இந்த விதை எங்கருந்து வருது?"

"பெட்டியே போன தடவ அணையும்போது சேமிச்சது சார்."

தலையாட்டினார், அடுத்த வரிக்குப் போனார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் லைன் பறந்தது. சேகர் அண்ணன் பாதுஷா பெட்டியோடு மாடிக்கு ஏறி வந்து முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். "லைன் பொண்ணுன்னா லைன் பொண்ணுதான்" என்றார். அன்று நான் நடந்த நடை இன்றும் நினைவிருக்கிறது.

இனி பேக்கிங் மேசை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதன் சாவியின் சுருக்க அடையாளத்திலிருந்து கடைசி நான்கு குறிகளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவோம். எண்களும், ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து வரும். பேக்கிங் பெண்கள் இதை வைத்து ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். எண்ணே இல்லாமல் நான்கும் எழுத்தாக வந்த பெட்டி யார் கையில் அகப்படுகிறதோ அவருக்கு மற்றவர்கள் வடை வாங்கித் தர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் ஜெயிப்பார்கள். ஜெயித்த நான்கு எழுத்தையும் ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை டீக்குக் கீழே இறங்கினேன். பேக்கிங் மேசையில் சண்டை. தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ரத்னம்மாவைக் கோமதி பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் ஜெயிச்ச ஸ்டிக்கர உரிச்சி எடுத்து இன்னைக்கு ஒட்டியிருக்குறா! வடைக்கு இப்பிடி ஒரு பொழப்பா?"

"ஏய், தேவுரு மேல சத்தியம். இது இப்ப லைன்லருந்து வந்த பெட்டிடி. நான் எதுக்கு உன் எச்ச ஸ்டிக்கர உரிக்கிறேன்?"

"அப்பொ எப்பிடி அதே நாலு எழுத்து வரும்?"

"அதை நான் எப்பிடி சொல்லுவேன்? மகாகிட்ட கேளு. அவதான மேல படிச்சிட்டு உக்காந்திருக்குறா" என்று ரத்னம்மா என்னைக் கை காட்டினாள்.

அட்டையைப் பார்த்தேன். நேற்றைய நான்கு எழுத்தும் இன்றைய நான்கு எழுத்தும் ஒன்றுதான். ஆயிரத்துக்கு மேல் பெட்டி கட்டினால் கடைசி நான்கு மட்டும் எங்காவது ஒத்துப்போவது நடக்கக்கூடியதே. "இருங்க, முழுசா பாத்துட்டு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே மேலே போனேன். ரத்னம்மா திருடவில்லை என்று காட்டுவது மட்டும்தான் என் எண்ணம்.

முழு அடையாளம் அறுபத்து நான்கு குறிகள். இரண்டு பெட்டிகளிலும் அறுபத்து நான்கும் ஒன்று.

ஒன்றாக அனுப்பவிருந்த மொத்த லாட்டின் பட்டியலையும் வரிசைப்படுத்தினேன். இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக ஒத்துப்போயின. ஒரு சாவி ஒன்பது பெட்டிகளில் இருந்தது. எல்லாப் பெட்டிகளும் என் மேசைப் பெட்டியின் ஒரே விதையிலிருந்து எழுந்திருந்தன. லைனில் முதல்முறை எழும்போது பெட்டியின் தனி எண்கூட உள்ளே எழுதப்பட்டிருக்காது, கடிகாரமும் பூஜ்யத்தில் நிற்கும். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்று மாறுபட வழியே இல்லை. கொஞ்சம் முன்பின்னாக எழுந்தவை மட்டும் வேறு சாவி பெற்றன. அவையும் தப்பியவை அல்ல; விதை தெரிந்தவன் உட்கார்ந்து கணக்கிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

மணி பதினொன்று. புதிய மாஸ்டரோடு கட்டிய முதல் லாட் அது; முழுதும் கோடவுனில் இருந்தது, நான்கு மணிக்கு லாரி. என் சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.

மறைக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த லாட்டிலிருந்து விதையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். கம்பத்துப் பெட்டியைக் கழற்றி, சாவியை எடுத்து, இன்னொன்றோடு யார் ஒப்பிடப் போகிறார்கள்? ஒன்பது நாள் கழிந்தால் நான் நிரந்தரம். இப்படி நினைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கீழே கோமதியின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் ரத்னம்மா திருடிதான். நான் எழுந்தது அதனால்தான். கம்பத்தில் மாட்டப்போகும் பெட்டிகளைப் பற்றிய யோசனை எல்லாம் படியிறங்கும்போதுதான் வந்தது.

முனிரத்தினம் சார் கீழே ஆபீஸ் அறையில் ஏதோ தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், லாட்ட நிறுத்தணும். சாவி ரிப்பீட் ஆவுது. மாஸ்டர்ல நான் விதைய விட்டுட்டேன்."

பேனாவை மூடினார். தெலுங்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"விதை எங்கருந்து வருதுன்னு நான் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க சார். பெட்டியே சேமிச்சதுன்னு சொன்னேன்."

"மொத தடவ எழும்போது?"

"என் மேசை பெட்டியோடது சார்."

"மொத தடவன்னு நானும் கேக்கல பாரு. தாள்ல இருக்கிற வரியெல்லாம் படிச்சேன். மாஸ்டருக்குள்ள கெடந்த கோப்பு தாள்ல இல்ல." பிறகு போனை எடுத்து வாசல் காவலருக்குச் சொன்னார், லாரி வந்தால் வெளியே நிற்கட்டும் என்று.

சேகர் அண்ணன் கோடவுன் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "என்னா சார் விளையாட்டு இது? ரெண்டு வாரமா ஓவர் டைம் போட்டு முடிச்சிருக்குறோம். இதுக்குத்தான் லைன் பொண்ண மேல ஏத்தாதீங்கன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன்."

"அவ சொல்றத மொதல்ல கேளு, சேகர்."

"என்னாத்த கேக்குறது? ரெண்டு பெட்டிக்கு ஒரே சாவி. அதனால என்னா? பெட்டி மேல வேற வேற நம்பர் ஒட்டியிருக்குதா இல்லியா?"

வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. ரத்னம்மாவின் பெட்டியைத் திறந்து அதன் சாவியை என் லேப்டாப்பில் எடுத்தேன். கோமதி நேற்றுக் கட்டிய பெட்டியை, டேப்பைக்கூடத் தொடாமல், அவர் முன்னால் மேசையில் வைத்தேன். அதன் மேலிருந்த நம்பரை லேப்டாப்பில் தட்டி, ஒரு பொய் ரீடிங்கைச் சோதனை சர்வருக்கு அனுப்பினேன். சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"அண்ணா, இது சர்வரு. இப்ப யாரு பேசுனதா காட்டுது?"

குனிந்து நம்பரைப் படித்தார். மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "இதுவா? இது கட்டிக் கெடக்குதே. கரண்டே இல்லியே இதுக்கு."

"அதாண்ணா. ஒரு ஊரு கம்பத்துல ஒருத்தன் ஒரு பெட்டிய கழட்டுனா போதும். எங்கியோ இருக்கிற இன்னொரு பெட்டி பேர்ல இப்பிடித்தான் பேசுவான்."

சேகர் அண்ணன் டேப் ஒட்டிய பெட்டியை ஒருமுறை தூக்கி, குலுக்கிப் பார்த்துவிட்டு, வைத்தார். பிறகு கோடவுன் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் மேசைக்கு எடுத்தாங்க" என்றார்.

பின்னால் ரத்னம்மாவின் குரல் கேட்டது: "ஏ கோமதி, ஈக ஹேளு. இப்ப சொல்லுடி, யாரு திருடி?"

"வடை ரெண்டா வாங்கித் தர்றேன், விடு."

திருத்திய முறையை அன்று மாலைக்குள் எழுதி முடித்தேன். இந்த முறை தாளில் எல்லாமே இருந்தது, மாஸ்டருக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் உட்பட. மாஸ்டரில் விதை கிடையாது. லைனில் உள்ள சோதனைக் கணினியில் தற்செயல் எண்ணுக்கென்றே ஒரு தனிக் கருவி பொருத்தினோம். அது ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக முப்பத்திரண்டு பைட் கொடுக்கும். பெட்டியின் தனி எண்ணை முதலில் எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் சாவி. கெர்னல் தயார் என்று சொல்லாமல் சாவி செய்யும் நிரல் நகரக் கூடாது. பெட்டி தன் விதையைச் சேமிக்கலாம், ஆனால் எடுத்தவுடன், பயன்படுத்தும் முன்பே, பழையதை அழித்துவிட வேண்டும். கடைசியாக, உருவான சாவியின் முழு அடையாளத்தை இதுவரை வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஒத்தால் சிவப்பு விளக்கு, லைன் நிற்கும்.

திவ்யா கேட்ட நான்கு நொடி அந்தக் கடைசிப் படிதான். கெர்னல் இப்போது தானே தயாராகிக்கொள்கிறது, மகிழ்ச்சி. மாஸ்டரை நகலெடுப்பது இன்னும் நம்மைப்போன்றவர்கள்தான்.

நான்கு நாள் பெட்டிகளைப் பிரித்தோம், புதுச் சாவி செய்தோம், மறுபடி கட்டினோம். நானும் பேக்கிங் மேசையில் நின்று டேப் உரித்தேன். சிவப்பு விளக்கு ஒருமுறையும் எரியவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: தவறுக்குக் காரணமானவர், தவறைக் கண்டுபிடித்தவர். முனிரத்தினம் சார் படிவத்தை என்னிடமே தந்தார். இரண்டிலும் மகேஸ்வரி என்று என் பெயரையே எழுதினேன். அவர் தன் வழக்கப்படி நின்றுகொண்டே உரக்கப் படித்தார். முதல் கட்டத்தில் நிறுத்தி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். இரண்டாவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். படிவம் தப்பாக நிரப்பப்பட்டிருக்கிறதா, ஒரே பெயர் இரண்டு கட்டத்திலும் வந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். "தப்பில்ல சார், ரெண்டும் ஒரே பொண்ணுதான்" என்றார் இவர். பிறகு நெடுநேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். "மொத கட்டத்துக்காக அவள கீழ அனுப்பலாம் சார். அப்பொ அடுத்த தடவ ரெண்டாவது கட்டம் காலியாத்தான் வரும். உங்க இஷ்டம்." இதையும் தமிழில்தான் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

நிரந்தரக் கடிதம் மறுவாரம் வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கடுத்த லாட் கிளம்பிய நாள். நான்கு மணி தாண்டியும் லாரி நகரவில்லை. என்னவோ கோளாறு என்று பதறிக் கீழே ஓடினேன். சேகர் அண்ணன் சரக்கோடு போகும் பத்திரத்தை லாரியின் பானெட்டில் விரித்துவைத்துக்கொண்டு, கையில் பேனாவோடு நின்றிருந்தார். எங்கள் அறையின் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கீழே ஸ்கேலால் ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில் 'ஃபர்ம்வேர்' என்று அவரே எழுதியிருந்தார்.

"டிரைவர் கத்துறாரு, கத்தட்டும்" என்றார். "நீ பட்டியல நிதானமா பாத்துட்டுப் போடு."

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.